கல்லறைமேல் எழுந்த ஆலயங்கள்: இடிக்கும் முன் அளந்தாவது வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் கிப்சைடு தேவாலயத்தைப் பற்றிய படக்கட்டுரை வந்திருந்தது. அடுத்த வாரமே வாசகர் ஒருவர், ஒரு பணக்காரக் குடும்பம் தன் பிணங்களை வைத்துக்கொள்ளக் கட்டியதற்குத் தேவாலயம் என்று பெயரா, இதை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். ஆனால் கட்டடத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாரே என்பதுதான் என் வருத்தம். தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைவாளர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முகப்பைப் பார்த்து மயங்காதே, தரை வரைபடமான பிளானையும், வெட்டுத் தோற்றமான செக்‌ஷனையும் பார்த்துவிட்டுப் பேசு என்று மாணவர்களுக்கு ஓயாமல் சொல்லிவந்தவன். அதே வகைக் கட்டடம் ஒன்று எங்கள் பாபநாசம் பக்கத்தில் இடிபடக் காத்திருக்கும்போது அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் கிப்சைடு. வட இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்துக்கு அருகே டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஜார்ஜ் போவ்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க முதலாளியின் பண்ணை அது. அவர் 1760இல் இறந்தார். அதே ஆண்டில், ஜேம்ஸ் பெயின் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி, அவருடைய குடும்பத்துக்கான சமாதி மாளிகையாக இந்தத் தேவாலயத்தின் வேலை தொடங்கியது. வெளிக்கூடு எழுந்த பிறகு உள்வேலை நின்றுபோயிற்று. 1812இல்தான் அது முடிந்து வழிபாட்டுக்குத் திறந்தது. அதுவரை போவ்ஸின் உடல் பக்கத்து ஊரான விக்கமின் பங்குக் கோயிலில் இருந்தது. கட்டியவர் தம் கட்டடத்துக்குக் குடிவர அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

பிளான் நாலு கைகளும் ஏறக்குறைய சமமான சிலுவை. மேற்கத்தியத் தேவாலயங்களில் பெரும்பாலும் நீளமான கூடமும், அதன் கோடியில் பலிபீடமும் இருக்கும். வாசலில் நுழைந்தால் கண் நேராகக் கிழக்கே ஓடும். இங்கே அப்படி ஓட வழியில்லை. நடுவில் குவிமாடம், அதன் நேர் கீழே பலிபீடம், சுற்றிலும் வேலிபோல் கம்பித்தடுப்பு, அதைச் சுற்றி அடைப்புப் பலகை வைத்த இருக்கைகள், மூன்று அடுக்கில் உயரும் பிரசங்க மேடை. அந்தத் தரைக்கு அடியில் வட்டமான நிலவறையும், அதன் சுவரில் உடல்களை வைக்கும் மாடங்களும் இருக்கின்றன. செக்‌ஷனை வரைந்தால் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து நிற்கும்: மேலே குவிமாடம், நடுவில் அப்பமும் இரசமும் வைக்கும் மேசை, அடியில் சமாதி. கட்டடத்தின் முழு வாதமும் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. இறந்தவர்கள் ஓரமாகச் சுவரில் பதித்த பளிங்குப் பலகையாக இல்லாமல், வழிபாட்டைத் தாங்கும் அடித்தளமாகிறார்கள்.

வெளியே முக்கோண முகப்பு. அதன் கீழே சுருள் வைத்த போதிகைகளோடு, அதாவது தூண் தலைகளோடு, அயோனியத் தூண்கள் இரட்டை வரிசையில் நிற்கின்றன. கூரை விளிம்பில் கல் சாடிகள். இத்தாலியின் பல்லாடியோ பதினாறாம் நூற்றாண்டில் ரோமானிய இடிபாடுகளை அளந்து எழுதிவைத்த இலக்கணத்தைப் பெயின் கையாண்டிருக்கிறார். அதனால் இதைப் பல்லாடிய மரபு என்று சிலரும், புதுச்செவ்வியலின் வாசற்படி என்று சிலரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர்ச்சண்டையில் அக்கறை இல்லை. ஆனால் கிறித்தவத் தேவாலயத்துக்கு ரோமானியக் கோயிலின் உருவம் ஏன் என்பது நல்ல கேள்வி. ரோமானியப் பேரரசர்களின் சமாதிகள் வட்டமாகவோ எண்கோணமாகவோ நடுவைச் சுற்றிக் கட்டப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியமும் பொம்பெயியும் தோண்டி எடுக்கப்பட்டபோது, அந்தப் பழைய உலகத்தைப் பற்றிய பித்து ஐரோப்பாவெங்கும் பரவியது. சமாதி என்றாலே வட்டமும் குவிமாடமும் தூண் வரிசையும் என்ற எண்ணம் வேரூன்றியது. யார்க்‌ஷயரில் காசில் ஹோவர்டு மாளிகைக் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் வரைந்த வட்டச் சமாதி அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது.

கட்டுரையில் விட்டுப்போன ஒரு செய்தியை இங்கே சேர்க்கிறேன். போவ்ஸ் குடும்பம் வாழ்ந்த கிப்சைடு மாளிகைக்கு இன்று கூரை இல்லை, வெறும் சுவர்தான். குளிருக்கு அஞ்சும் செடிகளை வளர்த்த கண்ணாடி மண்டபமும் கூரையிழந்து நிற்கிறது. அதே பண்ணையில், நீண்ட நடைபாதையின் ஒரு கோடியில், தேவாலயம் மட்டும் முழுசாக இருக்கிறது. அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. சமாதி என்று பூட்டி வைத்திருந்தால் அதுவும் மாளிகையின் வழியில்தான் போயிருக்கும். ஊரார் வந்து மண்டியிடும் இடமானதால் கூரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. வாசகர் ஆடம்பரம் என்று கண்டிக்கும் குடும்பத்தின் ஆடம்பரமெல்லாம் போயிற்று. பொதுவுக்குக் கொடுத்த பகுதி மட்டும் மிஞ்சியது.

இத்தாலியில் பொசான்யோ என்ற சிற்றூரில் இதே கதை இன்னும் தெளிவாக நடந்திருக்கிறது. சிற்பி அந்தோனியோ கனோவா பிறந்த ஊர் அது. கல்தச்சர் குடும்பம், தாத்தாவிடம் வளர்ந்த பிள்ளை. ஐரோப்பாவின் அரசர்களெல்லாம் அவர் கைவேலைக்குக் காத்திருந்த காலத்தில், தன் ஊருக்குப் பங்குக் கோயில் ஒன்றைத் தன் செலவில் கட்டித்தர முன்வந்தார். 1819 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். மூன்று ஆண்டு கழித்து வெனிசில் இறந்துபோனார். தாய் ஒன்று, தந்தை வேறான அவருடைய தம்பி ஜொவான்னி பத்திஸ்தா சார்த்தோரி, ஒரு ஆயர், 1830 வாக்கில் வேலையை முடித்தார். இன்று அண்ணனும் தம்பியும் அந்தக் கோயிலுக்குள் ஒரே சமாதியில் இருக்கிறார்கள்.

கனோவாவின் ஆலயம் மூன்று பகுதிகளை ஒட்டிய கட்டடம். முன்னே எட்டு எட்டாக இரண்டு வரிசை டோரியத் தூண்கள். ஏதென்சின் பார்த்தெனான் சாயல். 1815இல் லண்டன் போனபோது அங்கே கொண்டுவரப்பட்டிருந்த பார்த்தெனான் சிற்பங்களைக் கண்டு அவர் சொக்கிப்போனது தெரிந்த செய்தி. அதன் பின்னே பெரிய வட்டக்கூடம். ரோமின் பழைய பாந்தியன் கோயிலைப் போலக் குவிமாடம், உட்புறம் கட்டம் கட்டமாகக் குழிந்தது, உச்சியில் வெளிச்சம் இறங்கும் கண். அதற்கும் பின்னே பலிபீடம் நிற்கும் அரைவட்டக் கோடி, ஆதிக் கிறித்தவர்களின் ஆலயத்திலிருந்து எடுத்தது. கிரேக்கம், ரோம், கிறித்தவம் என்று வாசலிலிருந்து பலிபீடம்வரை நடக்கும்போதே காலம் கடந்துபோகிறது. கல் சுமப்பதற்கு ஊர்ப் பெண்கள்கூட ஓய்வு நாள்களில் வந்தார்களாம். அந்த ஊர் மக்களிடம் அது கனோவா குடும்பத்தின் சமாதி என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் கோயில் என்று திருத்துவார்கள்.

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று கேட்கக்கூடும். கனோவா லண்டனில் சந்தித்த சிற்பிகளுள் ஜான் ஃப்ளாக்ஸ்மன் ஒருவர். அந்த ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்கு தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779ஆம் ஆண்டின் ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. 1798 பிப்ரவரியில் இறந்த தம் ஆசானான ஜெர்மானிய மறைப்பணியாளர் ஸ்வார்ட்ஸ் ஐயருக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் லண்டனில் செய்வித்து வரவழைத்தது. படுக்கையில் சாய்ந்திருக்கும் முதியவர், அவர் கையைப் பற்றி நிற்கும் தலைப்பாகை மன்னர், அருகே பள்ளிப் பிள்ளைகள். மாணவர்களை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம் முகங்களை விட்டுவிட்டு அந்தக் கைகளை வரையச் சொல்வேன். பற்றும் கைக்கும் பற்றப்படும் கைக்கும் இடையில் எத்தனை மெல்லிய கோடு! ரோமானியச் சமாதிக் கல்லின் இலக்கணத்தில் மராட்டிய அரசரின் உடை மடிப்பு அவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது. பளிங்கு அங்கே, ஆனால் ஸ்வார்ட்ஸின் கல்லறை ஊருக்குள் இன்னொரு ஆலயமான புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் போனால் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அதுவும் சிலுவைப் பிளான்தான். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக்கின் முடியும் எழுத்தும் இருக்கும். கட்டி முடித்த மறு ஆண்டே, 1719இல், அதைக் கட்டிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார்.

இன்னும் பின்னே போகலாம். பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் பஞ்சவன்மாதேவீச்சரம். முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்த கற்றளி. கல்வெட்டே அதைப் பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவில் எடுத்த கோயில், என்கிறது. இராசராசனின் தேவிக்கு, அவள் வயிற்றில் பிறக்காத மகன் எடுத்தது. இறந்தவரின் நினைவின் மேல் வழிபடு கடவுளை நிறுத்துவது ஐரோப்பியப் பணக்காரர்கள் கண்டுபிடித்த பழக்கம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நடை அங்கே போய்வர வேண்டும். தெய்வக் கொள்கைகள் வேறு, சடங்குகள் வேறு. அவற்றை ஒன்றாக்கிப் பேச எனக்குத் தகுதி இல்லை. கட்டுகிறவனின் சிக்கல் மட்டும் ஒன்றேதான்: இறந்தவரை எங்கே வைப்பது, அவர்மேல் என்ன எடையை ஏற்றுவது, உயிரோடிருப்பவர் எந்தப் பக்கமிருந்து வருவது.

இப்போது எங்கள் பக்கத்துக் கட்டடத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பங்கு மக்களுக்குள் ஏற்கெனவே மனத்தாங்கல் இருக்கிறது, அதைப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை. குடமுருட்டிக் கரையோரம், ஒரு நிலக்கிழார் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் முன்னோருக்காகக் கட்டிய சிறிய கோயில். நான் கிறித்தவன் அல்லன். என் தந்தை கொத்தனார். அவர் அந்தக் கோயிலின் பூச்சு வேலையைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவன்.

கிப்சைடில் தரைக்கு அடியில் நிலவறை வைத்தார்கள். இங்கே அது நடக்காது. ஐப்பசி மாதத்தில் எங்கள் பக்கம் இரண்டு மண்வெட்டி ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்தக் கொத்தனார் என்ன செய்தார் தெரியுமா? சமாதியைக் கீழே இறக்காமல் கோயிலை மேலே ஏற்றினார். மார்பளவு உயரத்துக்குப் பீடம் எழுப்பி, அதற்குள் செங்கல் வளைவில் ஒரு தாழ்ந்த அறை கட்டி, வடக்கிலும் தெற்கிலும் கையகலச் சாளரங்கள் விட்டார். பின்புறம் ஒரு கற்பலகை வழியாக உடலை உள்ளே வைத்துச் சுண்ணாம்பால் மூடியிருக்கிறார்கள். அந்த வளைவின் உச்சிக்கு நேர்மேலே பலிபீடம், அதற்கு மேலே சிறிய குவிமாடம். ஜேம்ஸ் பெயினின் அதே செங்குத்துக் கோடு. காவிரி வண்டலுக்கு ஏற்ப மார்பளவு தூக்கி வரையப்பட்டிருக்கிறது. வரைந்தவர் யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

முகப்பில் நாலு தூண்கள். தூரத்தில் பார்த்தால் கல் என்றே நினைப்பீர்கள். ஒரு தூணில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கிட்டே போய்ப் பார்த்தேன். நடுவை நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவச் செங்கற்கள், பலாச்சுளை அடுக்கியதுபோல் வட்டமாக அடுக்கியவை. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் இணைப்பை மறைத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் மணல் சேர்த்த தடித்த சுண்ணாம்புக் காரை, அதன் மேல் நைசான காரை, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த சுண்ணாம்பு மெருகு. அந்தக் கடைசிப் பூச்சு ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். கை நின்றால் கறை விழும் என்பார் என் தந்தை. அதனால் ஒரு தூணுக்கு உட்கார்ந்தவர்கள் அது முடியும்வரை எழுந்திருக்கமாட்டார்களாம். இத்தனை ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் பிறகும், நிழல் விழும் வடபக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் பளிங்கின் குளுமை தெரிகிறது. போதிகையில் ரோமானியச் சுருளைச் செய்துவிட்டு, அதன் கீழ்க் கழுத்தில் தாமரை இதழ் வரிசை ஒன்றை வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கை பழகிய இடத்தில் கை போயிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி என்ற பெயரில் உட்சுவரில் தோளளவுக்குச் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டினார்கள். அங்கே தொடங்கியது வினை. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, டைல்ஸ் முடியும் இடத்தில் வெளியே வந்து, தான் சுமந்த உப்பையெல்லாம் அங்கே விட்டது. இப்போது அந்த மட்டத்தில் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து, செங்கல் மாவாகக் கொட்டுகிறது. அதைக் காட்டித்தான் சுவர் உளுத்துவிட்டது, இடித்துவிட்டு கான்கிரீட்டில் புதிதாகக் கட்டலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். நோயைக் கொடுத்த மருந்தையே சிகிச்சையாகச் சொல்லும் கொடுமை இது. சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரை இரண்டு கோடைகாலம் காயவிட்டு, உப்பைத் துடைத்தெடுத்து, மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசினால் அந்தச் சுவர் நம் பேரப்பிள்ளைகளையும் பார்க்கும். வளைவுகளிலோ குவிமாடத்திலோ எந்த விரிசலையும் நான் காணவில்லை.

பங்கு மக்களுக்குப் பெரிய கோயில் தேவை என்பது உண்மை. திருவிழா நாளில் பாதிப் பேர் வெயிலில் நிற்கிறார்கள். புதிதாகக் கட்டட்டும். பக்கத்திலேயே மனை இருக்கிறது. பழையதைச் சிறு ஆலயமாக வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். அப்போது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன வார்த்தை என்னை நிறுத்தியது. "ஐயா, அந்தக் குடும்பத்தின் வயலில் என் பாட்டன் அடிபட்டிருக்கிறார். அவர்கள் கல்லறைமேல் நான் ஏன் மண்டியிட வேண்டும்?" என்றார். தங்கள் வாசகர் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். இதற்குக் கட்டடக் கலையைக் கொண்டு மட்டும் பதில் சொல்ல முடியாது. கிப்சைடுக்கான பணம் நிலக்கரிச் சுரங்கத்தில் உயிரைக் கொடுத்தவர்களின் உழைப்பில் வந்தது. இங்கே வந்தது சேற்றில் நின்றவர்களின் உழைப்பில். பெரியவரின் கோபத்துக்கு முன் அழகைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.

ஆனாலும் அவரிடம் ஒன்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அந்தக் கல்லறையில் பெயர் எழுதியிருப்பது அவர்களுடையது. சூளையில் அந்த ஆப்புச் செங்கலை அறுத்தவர், காரையைச் செக்கில் அரைத்தவர், குவிமாடத்துக்குச் சாரம் கட்டியவர், தூண் கழுத்தில் தாமரை வைத்தவர் யாருடைய பெயரும் எங்கும் இல்லை. உங்கள் பாட்டனார் காலத்து ஆள்கள் செய்த வேலைக்கு இந்த மண்ணில் மிஞ்சியிருக்கும் ஒரே கையெழுத்து அந்தக் கட்டடம். இடித்தால் நிலக்கிழாரின் பெயர் பத்திரப் பதிவிலும் பங்குப் பதிவேட்டிலும் இருந்துகொண்டே இருக்கும். அழியப்போவது மற்றவர்களுடையது. அடிபட்ட செய்தியையும் அந்தச் சுவரிலேயே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம், அதற்கும் இடம் இருக்கிறது. பெரியவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்றார். அதுவே எனக்குப் பெரிது.

முடிவெடுக்க வேண்டியவர்கள் பங்கு மக்களும் அவர்களுடைய பொறுப்பாளர்களும்தான். அவர்கள் இடிப்பதென்றே முடிவெடுத்தாலும், அதற்கு முன் முறையாக அளந்து வரைபடமாக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். செல்பேசியில் நாலு படம் பிடித்தால் போதாது. பிளான், நீளவாட்டு செக்‌ஷன், குறுக்குவாட்டு செக்‌ஷன், தூணின் அடியிலிருந்து போதிகைவரை அரையடிக்கு ஒருமுறை சுற்றளவு, வளைவின் செங்கல் அடுக்கு, காரையின் ஒவ்வொரு படலத்திலிருந்தும் ஒரு துண்டு, சமாதிக் கற்களின் நகல். இவ்வளவும் வேண்டும். தூணின் சுற்றளவு மிக முக்கியம். நடுவயிறு இம்மியளவு புடைத்து மேலே குறுகும் அந்த வளைவைத் தகட்டு அச்சு வைத்து இழுத்தார்களா, கண்மட்டத்தில் பிடித்தார்களா என்பது அந்த எண்களில்தான் தெரியும்.

டெல்டா முழுக்க, திருவையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வரை, ஆற்றங்கரைத் தோப்புகளிலும் ஆலய வளாகங்களிலும் இப்படிப்பட்ட குடும்பச் சமாதிக் கோயில்கள் எத்தனையோ கவனிப்பாரற்று நிற்கின்றன. தங்கள் நாளிதழ் அவற்றின் படங்களை வாசகர்களிடமிருந்து கேட்டு வாங்கி, வாரம் ஒன்றாக, பிளானோடு வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. முகப்புப் படத்தை மட்டும் போடாதீர்கள். பாலிடெக்னிக் மாணவர்களையும் தொழிற்பயிற்சி மாணவர்களையும் கூப்பிட்டால் வருவார்கள். வரைவதற்கு உண்மையான கட்டடம் கிடைக்காமல் பாடப்புத்தகத்தின் ஒற்றை அறை வீட்டையே வரைந்து சலித்தவர்கள் அவர்கள். அளவு நாடா, தூக்குக்குண்டு, நீர்மட்டக் குழாய் என்னிடம் இருக்கின்றன. ஏணியும் சாரமும் தருவதாகப் பாபநாசம் கொத்தனார்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பங்கின் பொறுப்பாளர்கள் அனுமதித்தால் அறுவடை முடிந்ததும், தை கடைசியில் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் பயிற்றுநர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்